நெய்வேலி வானில் தெரியாத விருந்தாளி



நெய்வேலிக்கு இரவு நேரத்தில் வருபவர் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கமிருந்து வந்தாலும், விருத்தாசலம் பக்கமிருந்து வந்தாலும், பலாத் தோப்புகளுக்கும் முந்திரிக் காடுகளுக்கும் மேலே ஒரு மஞ்சள் வெளிச்சம் தேங்கி நிற்பதைத் தொலைவிலேயே காணலாம். அதுதான் எங்கள் ஊர். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. 1961-இல் முதல் நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது. 1962-இல் முதல் மின்சாரம் பிறந்தது. அன்று முதல் இன்று வரை இவ்வூரில் முழு இருட்டு என்று ஒன்று இருந்ததில்லை. சுரங்கத்தின் விளிம்பில் நின்று இரவில் கீழே நோக்கினால், பல மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள வாளிச்சக்கர இயந்திரங்கள் விளக்குகளைச் சுமந்துகொண்டு மண்ணைக் குடைந்து கொண்டிருக்கும். மேலே நிலம், கீழே விண்மீன் கூட்டம் என்று தோன்றும்.

ஆனால் மெய்யான விண்மீன்களை எங்கள் பிள்ளைகள் அதிகம் கண்டதில்லை. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகன்ற சாலைகளும் நிழல் மரங்களும் வைத்து அமைத்த அழகிய நகரியம் இது. அந்த அழகுக்கு விலையாக வானத்தைக் கொடுத்திருக்கிறோம். பிறை பார்க்க மாடியேறும் நாளில் இதை நன்கு உணர்வோம். புகைபோக்கியின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைச் சுட்டி, "அதோ!" என்று கூவிய சிறுவர்கள் உண்டு. பெரியவர்களும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

இங்குள்ள மதரஸா ஒன்றில் நான் அரபி கற்பிப்பவன். கல்லூரியில் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். அறிவியலுக்கும் எனக்கும் பள்ளி இறுதி வகுப்போடு உறவு முடிந்தது. இருந்தும் விண்மீனைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு, மாணவர்களிடம் நான் சொல்லிவிட்ட ஒரு சொல்லே காரணம்.

2015-ஆம் ஆண்டு ரமளான் ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. முதல் பத்து நோன்புகளுக்குள் ஓரிரவு; எந்த இரவு என்று குறித்து வைக்கவில்லை. ஸஹர் உணவுக்கு முன்னதாகவே விழித்துக்கொண்ட நான்கைந்து மாணவர்களை மாடிக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் ஊர் வெளிச்சத்தையும் மீறித் தெரியும் பெரிய விண்மீன்கள் மூன்று அந்நேரத்தில் வானில் இருந்தன. மூன்றின் பெயரும் அரபியிலிருந்து உலகத்துக்குப் போனவை. தலைக்கு மேலே வடக்கே சரிந்து நிற்பது 'தனப்', அதாவது வால். ஆங்கிலேயர் அதை டெனெப் என்பர். மேல்நாட்டார் அன்னமாகக் கண்ட கூட்டத்தை அரபியர் 'தஜாஜா', கோழி, என்று கண்டனர். தனப் அக்கோழியின் வால். தெற்கே தள்ளி நிற்பது 'தாஇர்', பறக்கும் கழுகு. அது அல்தாயிர் ஆயிற்று. மேற்கே இறங்குவது 'வாகிஉ', இறங்கும் கழுகு. அது வேகா ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் இக்கோழியை வரைந்து காட்டியிருக்கிறார். சொற்களின் வேரைச் சொல்லிக் கொடுப்பதுதான் என் நோக்கம், வானியல் அன்று.

அப்போது ஒரு மாணவன், வயது 12 இருக்கும், தனபுக்கும் தாஇருக்கும் இடையே விரலால் கோடு இழுத்து, "ஹஜ்ரத், இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

"ஒன்றுமில்லை" என்றேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. இறங்கிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்குப் பின், கோடை விடுமுறையில் நீலகிரிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. விருத்தாசலம், சேலம், கோவை, மேட்டுப்பாளையம் என்று பேருந்து மாறி மாறி உதகையை அடைந்தபோது என் முதுகெலும்பு தனியே ஒரு பயணம் செய்திருந்தது. உதகையில் எல்லோரும் காண்பவற்றை வீட்டார் காணட்டும் என்று விட்டுவிட்டு, நான் மட்டும் ஒரு நாள் முத்தோரைக்குச் சென்றேன். அங்கே ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தேன்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு வயல்களைக் கடந்து ஒரு வளைவில் திரும்பியதும், மலைச்சரிவின் மேல் நீளமான தொட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தாற்போல் அது தெரிந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கண்ணாடி இல்லை, குழாய் இல்லை. 24 வளைந்த இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுத்துக் கட்டிய ஏறத்தாழ 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அவ்வளவே. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞர் தம் குழுவினருடன் வடிவமைத்து, 1970-இல் முடித்த கருவி இது. அவர் 2020-இல் காலமானார்.

மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. உதகை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேல் உள்ளது. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்வுள்ள ஒரு சரிவைக் கண்டுபிடித்து அதன் மேல் கருவியைக் கிடத்திவிட்டால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பின்பு கிழக்கிலிருந்து மேற்காகத் தொட்டியை உருட்டினாலே போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். நெய்வேலியும் ஏறத்தாழ அதே அகலாங்கில்தான் உள்ளது. எங்களிடம் சரிவுதான் இல்லை, சுரங்கத்தின் சரிவைத் தவிர.

இக்கருவி தன் தொடக்க ஆண்டுகளில் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி பிறந்தது. நிலவை நம்பி அமைத்த கருவியாம் இது! வானில் நகரும் நிலவு தொலைவிலுள்ள ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும், விடுவிக்கும் கணத்தையும் துல்லியமாகக் குறித்துக்கொள்வார்கள். நிலவின் இடம் கணக்கில் தெரியும்; ஆகவே மூலத்தின் இடமும் வடிவும் தெரிந்துவிடும். பிறையைக் கண்ணால் காண்பதா, கணக்கால் அறிவதா என்று ஆண்டுதோறும் வாதிடும் நாம், கணக்கிட்ட நிலவைக் கொண்டே காணாத பொருளைக் கண்ட இம்மனிதர்களை ஒரு முறையாவது போய்ப் பார்க்கலாம்.

எனக்குச் சுற்றிக்காட்டிய பொறியாளரிடம் ஒரு பேதைமையான கேள்வியைக் கேட்டேன். "இந்தக் கருவிக்குப் பகல் இரவு இல்லை, மேகம் தடையில்லை, தெரு விளக்கும் தடையில்லை என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் நெய்வேலியிலேயே ஒன்று வைக்கலாமே?" அவர் சிரித்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த கைபேசியை அணைத்துவிட்டேனா என்று மறுபடியும் கேட்டார். விளக்கின் ஒளி இதற்குத் தடையில்லைதான். ஆனால் உயர் அழுத்த மின்கம்பிகளும், பொறி பறக்கும் மோட்டார்களும் ரேடியோ இரைச்சலை எழுப்புபவை. வானத்திலிருந்து வரும் செய்தியோ அவற்றின் முன் சந்தைக்கடையில் முணுமுணுப்பவன் குரல் போன்றது. ஆக, கண்ணுக்கும் காதுக்கும் இரண்டுக்குமே எங்கள் ஊர் உகந்ததன்று என்று தெரிந்துகொண்டேன். மலைகள் மறைப்புச் சுவராக நிற்கும் இடங்களையே அவர்கள் தேடுகிறார்கள்.

பேச்சு வாக்கில் அந்த ரமளான் இரவையும், தனப், தாஇர் என்ற சொற்களையும் சொன்னேன். அவர் நடையை நிறுத்தி, "எந்த ஆண்டு?" என்றார். 2015 என்றேன். "எந்த மாதம்?" ஜூன் கடைசி. "நடுவில் ஒன்றுமில்லை என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டு, தேநீர் வரவழைத்து அவர் சொன்னதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

தனபிலிருந்து தாஇருக்கு ஒரு கோடு இழுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால், ஏறத்தாழ அவ்விடத்தில் வி 404 சிக்னை என்ற பொருள் இருக்கிறது. அம்மாணவனின் விரல் அதன் மேலேயே சென்றிருக்கும். ஏறத்தாழ 7,800 ஒளியாண்டுத் தொலைவு. அது ஒற்றைப் பொருள் அன்று, ஒரு ஜோடி. சூரியனைப் போல் சுமார் ஒன்பது மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை. அதை ஆறரை நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு சாதாரண விண்மீன். அவ்விண்மீனின் வாயு கசிந்து கசிந்து கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டுப்போலச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடவாது. பிறகு ஒரு நாள், ஏரிக்கரை உடைவது போல், சேர்ந்தது உள்நோக்கிப் பாயும். பாயும் வாயு கோடிக்கணக்கான பாகை வரை சூடேறி எக்ஸ்-கதிரை வீசும். மருத்துவமனையில் எலும்பைப் படமெடுக்கிறார்களே, அதே கதிர். சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும். அறிஞர் இத்தகையவற்றை நிலையற்ற எக்ஸ்-கதிர் மூலங்கள் என்பர். அழையாமல் வந்து, சொல்லாமல் போகும் விருந்தாளி என்று நான் வைத்துக்கொண்டேன்.

1938-இல் இது ஒளிர்ந்தபோது சாதாரணப் புதுமீன் என்று எழுதி வைத்தார்கள். 1956-இல் மறுபடி ஒளிர்ந்தது, அப்போது எவரும் கவனிக்கவில்லை. பழைய புகைப்படத் தகடுகளைப் பிற்பாடு புரட்டியபோதுதான் தெரிந்தது. 1989-இல் ஜப்பானின் ஜிங்கா செயற்கைக்கோள் எக்ஸ்-கதிரில் இதைப் பிடித்தது. 1992-இல், நடுவிலிருப்பது கருந்துளையே என்பது உறுதியாயிற்று. பின்னர் 26 ஆண்டு உறக்கம். 2015 ஜூன் 15 அன்று, நாம் ரமளான் பிறையை எதிர்நோக்கியிருந்த நாட்களில், அமெரிக்காவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் எச்சரிக்கை அனுப்பியது. சில நாட்களிலேயே அது எக்ஸ்-கதிர் வானின் மிகப் பிரகாசமான பொருள்களுள் ஒன்றாயிற்று. சிறு தொலைநோக்கி வைத்திருந்த பொழுதுபோக்கு வானியலாளர்கள் கூட, இருண்ட ஊர்களிலிருந்து, அதன் ஒளி ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார்கள். எங்கள் மாடியிலிருந்து அதற்கு வழியில்லை.

எக்ஸ்-கதிர் பூமியின் காற்றைத் துளைத்துத் தரைக்கு வராது. வந்தால் நமக்கு வாழ்வில்லை. ஆகவே அதைக் காணச் செயற்கைக்கோள் வேண்டும். ரேடியோ அலை தரைக்கு வரும். ஒரே பொருளை இரு கருவிகளால் ஏன் பார்க்க வேண்டும் என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. கருந்துளை விழும் வாயு முழுவதையும் விழுங்கிவிடுவதில்லை. ஒரு பகுதியை மிகுந்த வேகத்தில் தாரையாக வெளியே வீசிவிடுகிறது. அத்தாரையிலுள்ள மின்னணுக்கள் காந்தப் புலத்தில் சுழன்று ரேடியோ அலையை எழுப்புகின்றன. உள்ளே விழுவதை எக்ஸ்-கதிர் சொல்லும். வெளியே எறிவதை ரேடியோ சொல்லும். கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு எளிதில் புரியும்: ஒன்று வரவு, மற்றது செலவு. ஒரு பக்கத்தை மட்டும் படித்துக் கணக்கை முடிக்க முடியாது.

இந்தச் செலவுக் கணக்கை எழுதியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. முத்தோரைக் கருவி ஒரே ஒரு அலைவரிசையில், 326.5 மெகாஹெர்ட்ஸில், கேட்பது. பல அலைவரிசைகளில் ஒப்பிட்டுக் கேட்க, அதே கோவிந்த் ஸ்வரூப் பிற்காலத்தில் மகாராஷ்டிரத்தில் புனேயிலிருந்து நாசிக் செல்லும் வழியில், கோடத் என்னும் சிற்றூரில், ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள், சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில். அக்கிண்ணங்களும் தகட்டால் ஆனவை அல்ல, கம்பி வலையால் ஆனவை. மீட்டர் நீள அலைக்கு வலையின் ஓட்டை தெரியாது. அதற்கு வலையே கண்ணாடி. காற்று மட்டும் ஊடே புகுந்து போய்விடும், செலவும் குறையும். கோழிக் கூண்டுக்கு அடிக்கும் வலை போன்ற ஒன்றை வைத்து வானத்துக் கோழியைப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கருவியின் நேரம் பல மாதங்களுக்கு முன்பே ஆய்வாளர்களுக்குப் பங்கிடப்படுவது. அழையாத விருந்தாளி வந்தால் அதிலிருந்து நேரம் ஒதுக்கித்தான் தர வேண்டும். பூனம் சந்திரா, நிசிம் கானேகர் ஆகிய இரு ஆய்வாளர்கள் வி 404-ஐ நான்கு அலைவரிசைகளில் கவனித்தார்கள். அலையின் நீளம் ஒரு சாண் முதல் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகம் வரை. மிகப் பெரிய வெடிப்பு நிகழ்ந்து ஒரு நாள் ஆன பிறகு அவர்கள் பார்வை தொடங்கியது. அவர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரையில் உலகப் பொது நேரத்தில் குறித்திருந்ததை நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஜூன் 27 அதிகாலை ஏறத்தாழ 3 மணி. ஸஹர் நேரம்.

கிடைத்த முடிவுகள் சிலவற்றை என் அறிவுக்கு எட்டிய அளவில் சொல்கிறேன். அந்த இரவில் ரேடியோ ஒளி மிகப் பிரகாசமாக இருந்தது. ஆனால் அலை நீளமாக ஆக மங்கியது. வீசி எறியப்பட்ட மேகம் இன்னும் அடர்த்தியாக இருந்து, தன் நீள அலைகளைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது என்பது இதன் பொருள். சுமார் 11 நாட்களில் எல்லாம் அடங்கி, மெலிந்த ஓர் ஒளியாயிற்று. பிரகாசம் எந்த அலைவரிசையில் திரும்பிச் சரிகிறது என்பதை வைத்து, அம்மேகத்தின் ஆரம் 40 கோடி கிலோமீட்டருக்கு மேற்படாது என்று கணக்கிட்டார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு 15 கோடி கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனுள்ளே இருந்த காந்தப் புலத்தின் வலிமையையும் கணக்கிட்டார்கள்: ஏறத்தாழ அரை காஸ். இந்த எண்ணைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வீடுகளில் கிப்லாவைக் காட்டும் திசைமானியின் முள்ளைத் திருப்புகிறதே, பூமியின் காந்தம், அதுவும் ஏறத்தாழ அதே அளவுதான். 7,800 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு மேகத்தின் காந்தத்தைக் கம்பி வலையை வைத்து அளந்துவிட்டான் மனிதன்.

வருத்தம் தரும் ஒரு செய்தியும் உண்டு. எக்ஸ்-கதிரைக் காண நம் நாடு செய்த ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்றுதான் புறப்பட்டது. விருந்தாளி வந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது மீண்டும் சிறிது கிளர்ந்தது என்றாலும், ஜூன் மாதத்துப் பேரொளி திரும்பவில்லை. இத்துறையில் முன்பின் தெரிவிக்காமல் வருபவரை வரவேற்க வீடு எப்போதும் தயாராயிருக்க வேண்டும் போலும்.

வந்தவர் போகாமலே தங்கிவிட்டதும் உண்டு. தாஇருக்குச் சற்று மேற்கே, அதே கழுகுக் கூட்டத்தில், 1992-இல் ரஷ்யாவின் கிரனாத் செயற்கைக்கோள் கண்டுபிடித்த ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற மூலம் இருக்கிறது. வந்தது வந்தபடி 2018 வரை 26 ஆண்டு எரிந்தது. 1996 மார்ச்சில் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில் ஒரு சிறு எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்து அனுப்பியிருந்தார்கள். பூமியைப் படமெடுக்கச் சென்ற வண்டியில் ஓரமாக இடம் கேட்டு ஏறிய பயணி அது. அதுதான் இம்மூலத்தின் கதிர் மெல்ல ஏறிச் சட்டென விழுவதைப் பதிவு செய்தது. விழும் பொருள் திரும்பி வராத எல்லைக்குள் மறைவதன் அடையாளமாக இது இருக்கலாம் என்று நம் ஆய்வாளர் எழுதினர். கோடத்தின் கிண்ணங்களும் இதைக் கேட்டிருக்கின்றன.

முத்தோரை செல்ல விரும்பும் வாசகர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். கம்பளி அவசியம். பெண்களும் பிள்ளைகளும் உடன் வரட்டும். பூங்காவில் அரை நாளைக் குறைத்தால் போதும். ஊரிலிருந்தே இடத்தை மட்டும் காண வேண்டுமானால், செப்டம்பர் மாதத்தில் இஷா தொழுதுவிட்டு மாடியேறுங்கள். உச்சிக்கு வடக்கே தனப், அதற்குத் தெற்கே தாஇர். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால், தனபிலிருந்து அந்த முஷ்டியின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், தாஇரை நோக்கிய கோட்டின் மேல். கண்ணுக்கு எதுவும் புலப்படாது.

நான் அதைத்தான் செய்தேன். கேள்வி கேட்ட மாணவன் இப்போது டிப்ளமோ முடித்து, சுரங்கப் பணிமனை ஒன்றில் பயிற்சி பெறுகிறான். விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தவனை மாடிக்கு அழைத்துச் சென்று, "அன்றைக்கு உனக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவனுக்கு அந்த இரவே நினைவில்லை. எனக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஆயினும் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஆண்டுகளை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னான். 1938, 1956, 1989, 2015. மனத்துக்குள் கழித்துப் பார்த்தான். "பதினெட்டு, முப்பத்து மூன்று, இருபத்தாறு. ஒழுங்கில்லையே ஹஜ்ரத், அடுத்தது எப்போது என்று எப்படிக் கணக்கிடுவது?" என்றான்.

"கணக்கிட முடியாதாம்" என்றேன். அவன் முஷ்டியை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தனபிலிருந்து அளந்துகொண்டிருந்தான்.